ஆகுர்டியில் விளக்கணைத்த ஸ்டேஷன் மாஸ்டர்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆராய்ச்சிக்கூடத்தின் டைரக்டர். பம்பாயிலிருந்து வந்திருந்த மருந்துக் கம்பெனிக்காரர்கள் இருவர். ஒருவர் டை கட்டியவர், இன்னொருவர் கட்டாதவர். ஆராய்ச்சி மாணவி வைஷாலி. டீத் தட்டோடு வாசலை மறித்தபடி நான். ஆறாவது ஆள் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். அவரைக் கேட்டால் என் கணக்கு தப்பு என்பார். பக்கத்து அறைப் பெட்டியில் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் வளர்ந்துகொண்டிருந்த செல்களையும் சேர்க்கச் சொல்வார். அப்படிப் பார்த்தால் சுமார் நாலு கோடியே ஆறு பேர்.

அதில் ஐந்து பேருக்கு அன்று மூச்சு நின்றுபோனது. நிற்காத ஒரே ஆள் ஸ்டேஷன் மாஸ்டர். மற்றவர்களை அதிர வைப்பதை முழுநேர வேலையாகவும் புரோட்டீன் ஆராய்ச்சியைப் பகுதிநேர வேலையாகவும் வைத்திருந்த விஞ்ஞானி இந்தப் பூனா நகரத்திலேயே அவர் ஒருவர்தான் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் ஏறிச் சொல்வேன். கோர்ட் வாசலைக் கண்டாலே எனக்குக் கை நடுங்கும். ஆனாலும் சொல்வேன்.

என் நடுக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மாமாவோடு பூனாவுக்கு வந்து போசரியில் ஒரு லேத் பட்டறையில் நாலு வருஷம் இருந்தேன். இரும்புத் தூள் கண்ணில் பாய்ந்துவிடும் என்று தினமும் பயந்து, பயம் தாங்காமல் அதை விட்டேன். யாரோ பார்த்துக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். கண் போய்விடும் என்ற பயம் போய்க் கண்ணாடி உடைந்துவிடும் என்ற பயம் வந்தது. வீட்டில் கேஸை மூடிவிட்டு மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஜாதி நான். கேஸ் மாற்றிய நாள், பால்காரர் வராத நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாள் எல்லாவற்றுக்கும் காலண்டரில் புள்ளி வைப்பேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. நாளைக்கு யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

முதல் நாள் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லி. காட்டன் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க வேண்டிய இடத்தில் ஒரு டைமர். அவர் குடும்பம் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம்; இரண்டு தலைமுறைக்கு முன்னால் பூனாவின் கிர்க்கி கன்டோன்மென்ட்டுக்கு வந்தது. அப்பா ரயில்வேயில் இருந்தார். இவர் பிறந்தது தளேகாவில். சொந்த ஊரைப் பார்த்ததே இல்லை. பேச்சு மட்டும் அப்படியே திருநெல்வேலி. நடுநடுவே மராத்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"பேர் என்னல?"

"தாசு, மேடம்."

"மேடம்னு சொல்லாத. எவளோ எனக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருக்கு. அக்கான்னு கூப்பிடு. கிதி படிச்சிருக்க?"

'கிதி' என்றால் எவ்வளவு.

"ஒம்பது, அக்கா."

"முழுசாவா?"

"பாதி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அச்சா. பாதியில விட்டவன் முழு ஒம்பதுன்னு சொல்லல. எனக்கு இது போதும். நாளைக்கு வந்துரு."

ஸ்டேஷன் மாஸ்டர் என்ற பெயர் அப்பாவின் ரயில்வே உத்தியோகத்தால் வந்ததல்ல. அவர் ஆராய்ந்த புரோட்டீன்களுக்கு எழுத்தும் எண்ணுமாக லாரி நம்பர் மாதிரிப் பெயர்கள் இருந்தன. அவை வாயில் நுழையவில்லை என்று அவர் எல்லாவற்றுக்கும் லோனாவ்ளா - பூனா லோக்கல் ரயிலின் ஸ்டேஷன் பெயர்களை வைத்துவிட்டார். காலேஜ் நாளில் ஏழு வருஷம் அந்த ரயிலில் போய் வந்தவர். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒரு டப்பாவில் 'தளேகாவ்', இன்னொன்றில் 'தேஹு ரோடு'. வருஷக் கடைசியில் ஸ்டோர் கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர் 'சிஞ்ச்வட், இரண்டு பாட்டில், ஒன்று கெட்டுப்போய்விட்டது' என்று படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துத் தண்ணீர் கேட்டார்.

ஒரு நாள் பைப்பெட் கழுவிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, கேட்காமலே விளக்கினார்.

"செல்லு ஒரு ஊருன்னு வச்சிக்க. எல்லையில லோனாவ்ளா. வெளிய இருந்து அங்க ஒரு சேதி வருது, வளருன்னு. அது தளேகாவ், ஆகுர்டி, சிவாஜிநகர்னு கை மாறி கை மாறிப் பூனாவுக்கு வந்து சேருது. பூனாதான் செல்லோட நடு. அங்க வந்துட்டா செல்லு ரெண்டாப் பிரியும்."

"ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் ஒரு புரோட்டீனாக்கா?"

"ஆமா. சேதி வந்ததும் அது மேல ஒரு பாஸ்பேட் ஒட்டும். ஸ்டேஷன்ல லைட்டப் போட்ட மாதிரி. சேதியை அடுத்தவன்ட்ட குடுத்ததும் அணைஞ்சிரணும்."

"அணையலன்னா?"

"அதாம்ல கேன்சர். யாரும் சேதியே அனுப்பல, ஆனா லைட்டு எரிஞ்சிட்டே இருக்கு. பிரி, பிரின்னு. எந்த ஸ்டேஷன்ல அணைச்சா நிக்கும்னுதான் நான் பாக்கேன். ஆகுர்டின்னு தோணுது."

நான் குடியிருந்தது ஆகுர்டியில். அன்று மாலை ரயில் ஆகுர்டியில் நின்றபோது பிளாட்பாரத்துக் குழல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். என் உடம்புக்குள் இப்படி எத்தனை இடத்தில் யாரும் கேட்காமல் விளக்கு எரிகிறதோ என்று நினைத்து ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். செல்வி, என் மனைவி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எங்கள் மகளுக்குக் காது குத்திய அன்று ஸ்டேஷன் மாஸ்டர் ஆகுர்டிக்கே வந்துவிட்டார். ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோன அந்த நொடியில் அவர் இடுப்பு டைமர் அலறியது. ஆசாரியின் கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை அழ மறந்தது. வாயில் பாதி லட்டோடு அக்கா எழுந்தார். "ரெண்டு மணி நேரம் ஆயிட்டு, சீட்டைக் கழுவணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போயே போய்விட்டார். அவர் சீட்டு என்றதைச் சீட்டாட்டம் என்று எண்ணிய என் மாமியார், "நல்ல படிச்ச பொம்பள, இது என்ன பழக்கம்" என்று மூன்று நாள் வருத்தப்பட்டார்.

அந்தச் சீட்டுதான் இந்தக் கதையின் மையம். செல்லை உடைத்து, அதன் புரோட்டீன்களைப் பிரித்து, காகிதம் போன்ற மெல்லிய வெள்ளைச் சீட்டில் ஏற்றுவார்கள். அதன் மேல் ஒரு மருந்துத் தண்ணீரை ஊற்றினால், எந்த ஸ்டேஷனில் விளக்கு எரிகிறதோ அதைத் தேடிப்போய் அது ஒட்டிக்கொள்ளும். பிறகு இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து எடுத்தால், எரிகிற ஸ்டேஷன் கறுப்புக் கோடாக விழும். ஆனால் அந்த மருந்துத் தண்ணீர் கண்ட இடத்திலும் ஒட்டும் குணமுள்ளது. சீட்டின் வெற்றிடத்தை முதலில் வேறு எதாலாவது மூடிவிட வேண்டும். எதால் மூடுவார்கள் என்று தெரிந்த நாளில் எனக்கு மயக்கமே வந்தது. பால் பவுடர். டீக்குப் போடுகிற அதே பால் பவுடர். எங்கள் கூடத்தில் டீ வரக்காப்பி நிறத்தில் இருந்த நாளில்கூடக் காகிதம் தட்டில் படுத்துப் பால் குடித்தது.

எல்லாச் சீட்டுக்கும் பால் ஆகாது. விளக்கைத் தேடும் சீட்டுக்கு ஆல்புமின் என்று ஒரு பவுடர். மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது. "இதுக்குப் பால் ஆகாது" என்று மட்டும் அக்கா சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் நடந்த எல்லாமே நான் அன்று கேட்காததால் வந்தது.

பம்பாய்க் கம்பெனி ஒரு மருந்துப் பொடி அனுப்பியிருந்தது. அது ஆகுர்டியை அணைக்குமா என்று பார்க்க வேண்டும். அக்கா நாலு வருஷமாக அதே வேலையாக இருந்தார். ஜூன் மாதம், மழை கொட்டி நின்ற ஒரு காலை. பகல் பதினொரு மணிக்கு இருட்டிக் கிடந்தது, கரண்டும் இல்லை. ஈர ஃபிலிமைக் கையில் பிடித்தபடி இருட்டறையிலிருந்து வந்த அக்காவுக்கு அதைப் பார்க்க வெளிச்சம் வேண்டியிருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனார். ஹெட்லைட்டோடு வந்துகொண்டிருந்த சிட்டி பஸ்ஸுக்கு நேர் எதிரே நின்று ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

"மராயலா ஹீச் ஜாகா மிளாலி கா?" என்று டிரைவர் கத்தினார். சாவதற்கு இந்த இடம்தான் கிடைத்ததா என்று அர்த்தம்.

அக்கா திரும்பவில்லை. "தோன் மினிட். லைட்ட மட்டும் அணைச்சிராதீங்க" என்று பாதி மராத்தியிலும் பாதி தமிழிலும் இரண்டு நிமிஷம் கேட்டார்.

கண்டக்டர் இறங்கினார். நாலு பயணிகளும் இறங்கினார்கள். யாரோ வீட்டு நோயாளியின் எக்ஸ்ரே என்று நினைத்த ஒரு பெரியவர், ரிப்போர்ட் நல்லபடியா என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லபடி. ஆகுர்டி அணைஞ்சிட்டு" என்றார் அக்கா.

"அங்கேயும் கரண்ட் போச்சா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பஸ் கிளம்பும்போது டிரைவர் எங்களுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். நாலு வருஷத்தில் ஆகுர்டி அணைந்த முதல் படம் அது. ஆகஸ்ட் கடைசியில் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வதாக இருந்தது.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

ஜூலை எட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். ஆல்புமினை நிறுத்துக் கரைத்து வைப்பது என் வேலை. ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். ஜன்னலில் ஒரு பல்லி. பாட்டிலுக்குள் விழுந்துவிடுமோ என்று பதறிக் கையை இழுத்தேன். பாட்டில் சாய்ந்தது. பவுடர் ஈரமான சிங்க்கில் கொட்டியது. பல்லி அதே இடத்தில் அசையாமல் இருந்தது.

அந்தப் பாட்டிலின் விலை எனக்குத் தெரியும். என் மூன்று மாதச் சம்பளம். அதைவிடப் பெரிய பயம் வேறு. பத்தாவது பாஸ் ஆகாதவனை இந்த வேலையில் எதற்கு வைத்திருக்கிறோம் என்று டைரக்டர் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தார். வேலை போனால் மகளின் ஸ்கூல் போகும், ஆகுர்டி வீடு போகும், திரும்பவும் போசரி இரும்புத் தூள்தான். பக்கத்து அலமாரியில் பால் பவுடர் டின். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீட்டை மூடுகிற வேலையைத்தானே இரண்டும் செய்கின்றன என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். கொட்டிய அளவுக்கு இரண்டரை ஸ்பூன் எடுத்து ஆல்புமின் பாட்டிலில் போட்டேன். குலுக்கினேன். கை கழுவினேன். வீட்டுக்குப் போய்க் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தேன்.

மறுநாள் தட்டைப் பார்த்த அக்கா, "என்னல, கொஞ்சம் கலங்கலா இருக்கு?" என்றார்.

"தண்ணியா இருக்கும்க்கா" என்றேன்.

அந்த ஒரு பொய்க்கு அவர் செய்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்கு வேர்க்கிறது. நம்பிவிட்டார். அன்று எடுத்த படம் முழுக்க இருண்டுபோய் வந்தது. எல்லா ஸ்டேஷனிலும் விளக்கு. மருந்து போட்ட செல், போடாத செல், செல்லே இல்லாத வெற்றுக் கட்டம், எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு. தண்ணீர் என்றல்லவா தாசு சொன்னான் என்று தண்ணீர் காய்ச்சி வடிக்கும் மெஷினைக் கழற்றி ஆசிட் போட்டுக் கழுவினார். அதிலும் தீராமல் முனிசிபாலிட்டிக்கு எழுதிக் கேட்டார். ஏரித் தண்ணீரில் பாஸ்பேட் உண்டா என்று கேட்டு வந்த கடிதத்தைப் படித்த இன்ஜினியர் ஒருவர், யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று எண்ணி நேரிலேயே ஓடி வந்துவிட்டார்.

தண்ணீரில் குற்றமில்லை என்று ஆனதும் வைஷாலியின் தேங்காயெண்ணெய் மேல் சந்தேகம் போனது. கூடத்தில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். வாட்ச்மேன்கூட வறண்ட தலையோடு நின்றார். பிறகு ஃபிலிம் டப்பாவை மாற்றினார். ஃப்ரிட்ஜை மாற்றினார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றினார். என் வார்த்தையை நம்பி ஆல்புமின் பாட்டிலை மட்டும் சந்தேகப்படவில்லை. மாற்ற வேறு ஒன்றும் மிச்சமில்லாதபோது மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினார். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும். கழுவுகிறவன் நான், எனக்குத் தெரியாதா?

"நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போறீங்க?" என்று செல்வி கேட்டாள். சொன்னேன்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிருங்க."

"சொன்னா வேல போயிரும்."

"சொல்லாட்டி?"

"அவங்க வேல போயிரும்."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பெரிய படிப்பு படிச்சவங்க" என்று அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவளோ எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

அப்படி ஏழு வாரம் போய் அந்தக் காலை வந்தது. மேஜை மேல் அக்கா எல்லாப் படங்களையும் பரப்பினார். இடப்பக்கம் நல்லவை, வலப்பக்கம் கறுத்தவை. பேச்சு இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷ் கால்வாசிதான் தெரியும். ஆனால் பயந்தவனுக்கு எந்தப் பாஷையும் புரியும்.

"ஏழு வாரமா எல்லாப் படமும் கறுப்பு" என்றார். "காரணம் எனக்குத் தெரியல. இப்ப வர்றது ஏன் பொய்னு தெரியாதவ, அப்ப வந்தது நெசம்னு எப்படிச் சொல்ல? பழைய படத்தையும் நான் நம்பல. திட்டத்தை நிறுத்திருங்க."

டைரக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "மேடம் களைச்சுப் போயிருக்காங்க" என்று விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார்.

டை கட்டியவர் ஜூன் மாதப் படத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது அருமையான படம். எங்களுக்கு இது ஒன்று போதும்."

"அழகா இருக்கிறதால உண்மைன்னு ஆயிராது. வையுங்க கீழ" என்றார் அக்கா.

நாலு வருஷம். பஸ்ஸுக்கு முன்னால் நின்ற ஃபிலிம். அதை ஒரு குப்பைத் தாள் மாதிரி வலப்பக்கத்துக்கு நகர்த்தினார். அப்போதுதான் என் கையில் இருந்த தட்டு ஆட ஆரம்பித்தது. கப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சத்தத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, பால்" என்றேன்.

"என்ன, டீயில போடலியா?"

"டீயில போட்டுட்டேன்க்கா. ஆல்புமின்லயும் போட்டுட்டேன்."

மூச்சு நின்றது என்று முதலிலேயே சொன்னேனே, அது இந்த இடத்தில். வைஷாலிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பால் என்றால் என்ன, ஆல்புமின் என்றால் என்ன என்று தெரியும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா மட்டும் ஒரு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். ரேஷன் கார்டுக்கு விவரம் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

"எப்ப?"

"ஜூலை எட்டு, செவ்வாய்க்கிழமை. காலைல பத்தே கால்."

"எவ்வளவு?"

"ரெண்டரை ஸ்பூன். சின்ன ஸ்பூன். தலை தட்டல."

"கொட்டினது?"

"அதே அளவு இருக்கும். சிங்க்ல போச்சு."

"அப்ப தண்ணின்னு சொன்னது?"

"பொய்க்கா."

எழுதினார். பிறகு படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். ஜூலை ஏழு, நல்ல படம். ஜூலை ஒன்பது, கறுப்பு. அதற்கு முன்னால் ஒன்றுகூடக் கறுப்பில்லை. அதற்குப் பின்னால் ஒன்றுகூட நல்லதில்லை. மேஜை நடுவே கையால் ஒரு கோடு இழுத்தார். சிரிக்க ஆரம்பித்தார். நான் அங்கே சேர்ந்து ஆறு வருஷத்தில் அவர் சிரித்து முதல் தடவை பார்க்கிறேன். மூக்கால் சிரித்தார்.

"பால்லயே பாஸ்பேட் கெடக்குல" என்றார் என்னிடம். "பாலோட புரோட்டீன் முதுகு பூரா பாஸ்பேட்டு. சீட்டு முழுக்க ஆயிரம் லைட்டைப் போட்டு வச்சிட்டு, அதுல ஆகுர்டி எரியுதா அணைஞ்சிருக்கான்னு நான் ஏழு வாரமாத் தேடியிருக்கேன்."

வைஷாலி சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொண்ட டைரக்டர் எழுந்தார். "இவனை இன்றைக்கே வெளியே அனுப்புங்கள்."

"அனுப்பலாம்" என்றார் அக்கா. எனக்குப் போசரியின் இரும்பு வாசனை மூக்கில் ஏறியது. "ஆனா அப்புறம் ஜூலை எட்டுன்னு யாரு சொல்லுவா? நீங்களா? நானா? என் நாலு வருஷப் படத்துக்கு இப்ப இவன் ஒருத்தன்தான் சாட்சி. நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து தன் தப்பைத் தேதி, மணி, ஸ்பூன் கணக்கோட ஒப்பிச்ச மொத ஆளு இவன். டாக்டர் பட்டம் வாங்கினவங்க யாரும் என்கிட்ட இப்படி எழுதிக் குடுத்ததில்ல." இதை இங்கிலீஷிலும் சொன்னார். வைஷாலி தன் நோட்டை மெல்ல மடியில் மறைத்துக்கொண்டாள்.

டைரக்டர் உட்கார்ந்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடினேன்.

"டீ ஆறுது. குடு" என்றார்.

அரை மணி நேரத்தில் நான் அவர் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆராய்ச்சிக்கூடத்தில் ஆல்புமின் கடன் வாங்கி, பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். வழியில் எனக்காக எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. விழுந்தால் பாட்டிலைக் காப்பாற்றுவது என்ற ஒரே முடிவு. "இறுக்காதல, உடையப் போவுது" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் தங்கினார்கள். மறுநாள் மத்தியானம் புதுப் படம் வந்தது. வெள்ளை வெளேர் என்று, தேவையான இடத்தில் மட்டும் கோடு. மருந்து போடாத செல்லில் ஆகுர்டி எரிகிறது. போட்டதில் அணைந்திருக்கிறது. டைரக்டர் கை தட்டினார். டை கட்டாதவரும் தட்டினார். நான் தட்டலாமா என்று யோசிப்பதற்குள் அக்கா கையை உயர்த்தினார்.

"கடைசிக் கட்டத்தைப் பாக்கல நீங்க. முன்னாடியே ரெண்டு நாள் மருந்துல ஊற வச்சிருந்த செல்லு. ஆகுர்டி அணைஞ்சுதான் இருக்கு. ஆனா சிவாஜிநகர்ல திரும்ப எரியுது. சனங்க ஆகுர்டியில எறங்கி, ஹைவேயில பஸ் புடிச்சுப் போய்ச் சேந்துட்டாங்க. இந்த மருந்து ஒண்ணு மட்டும் போதாது."

டைரக்டர் கை தட்டிய நிலையிலேயே நின்றார். வென்ற கையோடு தோற்றேன் என்று சொல்கிற ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். நானும் பார்த்ததில்லை. டை கட்டியவர் அந்தக் கடைசிக் கட்டத்தை வெகு நேரம் பார்த்தார். "இதை நாங்கள் கோடிகளைச் செலவழித்த பிறகு கண்டுபிடித்திருப்போம்" என்றார். அந்த ஒரு கோட்டுக்காகத்தான் திட்டம் தொடர்ந்தது. இரண்டு வழியையும் சேர்த்து அடைக்க முடியுமா என்று பார்க்க. மூன்று வருஷம் நடந்தது. கடைசியில் அந்தப் பொடி எலியின் ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து நின்றுபோனது. மருந்துக் கடைக்கு வரவே இல்லை. மூன்றாம் நாளே அக்கா சிஞ்ச்வட்டைக் கையில் எடுத்தார்.

படம் வந்ததற்கு மறுநாள் காலை நான் கூடத்துக்குப் போனபோது, ஃப்ரிட்ஜில் ஆல்புமின் பாட்டில் மேல் புது லேபிள் ஒட்டியிருந்தது. தமிழில். அக்கா படித்ததெல்லாம் இங்கிலீஷ் பள்ளியில். தமிழ் எழுத்தை வீட்டு பைபிளைப் பார்த்துப் பழகியவர். கடிதம்கூடத் தமிழில் எழுதமாட்டார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

கொட்டினா சொல்லு. திட்ட மாட்டேன்.

இதில் பாதி பொய். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். ஒரு நாள் தவறாமல் திட்டினார். மெதுவாக நடந்தால் திட்டினார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தால் திட்டினார். என் மகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கியதற்கும் என்னைத்தான் திட்டினார். கொட்டியதற்கு மட்டும் திட்டவில்லை. நான் இன்னும் நாலு தடவை கொட்டினேன். நாலு தடவையும் அந்த நிமிஷமே ஓடிப்போய்ச் சொன்னேன். "எத்தனை ஸ்பூன்?" என்பார். எழுதிக்கொள்வார். அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆகித் தளேகாவுக்குப் போன அக்கா கண்ணை மூடியும் சில வருஷம் ஆகிவிட்டது. கூடத்தைக் காலி செய்த அன்று காலிப் பாட்டிலை நான் எடுத்து வந்துவிட்டேன். லேபிள் மஞ்சளாகிவிட்டது, எழுத்து போகவில்லை. இதில் எதைப் போட்டு வைக்க என்று செல்வி கேட்டாள். பால் பவுடர் என்றேன். "கொழுப்பைப் பாரு" என்று சொல்லிவிட்டு அதைத்தான் போட்டாள்.

நேற்று டீ போடும்போது கை நடுங்கிக் கொஞ்சம் சிந்திவிட்டது. காலை ஏழு மணி பத்து நிமிஷம். அரை ஸ்பூன்க்கா.